சார்ஜரைக் கழற்றினால் மட்டும் மினுக்கும் திரை

சார்ஜர் செருகியிருக்கும்வரை லேப்டாப் திரை அசையாமல் நிற்கிறது. கரண்ட் போனதும், அல்லது சார்ஜரைக் கழற்றியதும் மினுக்கத் தொடங்குகிறது. சில மெஷின்களில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும். சிலவற்றில் கர்சரை நகர்த்தும்போதெல்லாம் படம் ஒரு கணம் வெட்டும். இன்னும் சிலவற்றில் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலைவலியாக வந்து முடியும். கடைக்குக் கொண்டுபோனால், "டிஸ்பிளே போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் சுலபமாகக் கிடைத்துவிடும்.

அந்தப் பதிலுக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். சார்ஜரில் ஒழுங்காக இருந்து பேட்டரியில் மட்டும் மினுக்கும் திரை பெரும்பாலும் கெட்டுப்போன திரை அல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக லேப்டாப்புக்குள் வைத்திருக்கும் ஏற்பாடுகளில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அந்தத் திரையோடு அது ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எது என்று கண்டுபிடித்து அணைத்தால் மினுக்கல் நின்றுவிடும். கண்டுபிடிக்க வேண்டிய வழி ஒன்றுதான்: மினுக்கல் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கவனிப்பது.

பேட்டரியில் மட்டும் ஏன்?

எழுதுவது, படிப்பது, இணையம் பார்ப்பது போன்ற சாதாரண வேலைகளில் லேப்டாப் செலவழிக்கும் மின்சாரத்தில் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி 50 வாட்-மணி, மெஷின் மொத்தமாக எடுப்பது 8 வாட் என்றால், பேட்டரி ஆறேகால் மணி நேரம் தாங்கும். திரையில் ஒரே ஒரு வாட்டை மிச்சம் பிடித்தால் அது ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்! பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பேட்டரி நேரத்தை அச்சடிக்க விரும்பும் நிறுவனங்கள் இதை விட்டுவைக்குமா?

அதனால் கிராஃபிக்ஸ் சிப் செய்கிறவர், திரை செய்கிறவர், விண்டோஸ் செய்கிறவர், லேப்டாப்பைப் பூட்டி விற்கிறவர் என்று எல்லோரும் தங்கள் பங்குக்குத் திரையில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். சார்ஜரைக் கழற்றிய அந்த நொடியில் இவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. ஒரே ஏற்பாட்டுக்கு விண்டோஸில் ஒரு சுவிட்ச், கிராஃபிக்ஸ் செயலியில் இன்னொரு சுவிட்ச், நிறுவனத்தின் சொந்தச் செயலியில் மூன்றாவது சுவிட்ச் என்று இருப்பதும் உண்டு. பயனர்களைக் குழப்புவது இதுதான். ஒரு இடத்தில் அணைத்துவிட்டு, "எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு, சரியாகலை" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

திரையா, செட்டிங்கா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் சில சோதனைகள். இவற்றுக்குக் கால் மணி நேரம் போதும்; தவிர்க்காதீர்கள்.

முதல் சோதனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சார்ஜரில் இருக்கும்போது லேப்டாப் மேசையில் அசையாமல் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றியதும் அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கோ சோபாவுக்கோ போகிறோம், மடியில் வைக்கிறோம், மூடியைச் சாய்க்கிறோம். மூடியின் கீல் வழியாகத்தான் திரைக்குப் போகும் கேபிள் ஓடுகிறது. அந்தக் கேபிள் நைந்திருந்தால் மூடி அசையும்போது திரை மினுக்கும். பார்க்கிறவருக்கு அது பேட்டரியால் வந்ததாகத் தோன்றும். உண்மையில் அசைவால் வந்தது. எனவே லேப்டாப் மேசையிலேயே இருக்கட்டும், மூடியைத் தொட வேண்டாம், சார்ஜரின் முனையை மட்டும் கழற்றுங்கள். மினுக்கல் வருகிறதா? பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு, மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். இப்போது மினுக்கினால் குற்றவாளி கேபிள். செட்டிங்கில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது சோதனை வெளிச்சத்தைச் சமமாக்குவது. சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலான லேப்டாப்களில் திரையின் வெளிச்சம் தானாகக் குறைகிறது. அப்படியானால் மினுக்கலுக்குக் காரணம் பேட்டரியா, குறைந்த வெளிச்சமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சார்ஜரைச் செருகிய நிலையில், பேட்டரியில் இருந்த அதே அளவுக்கு வெளிச்சத்தைக் கையால் குறையுங்கள். அப்போதும் மினுக்கினால் காரணம் வெளிச்ச அளவு. மாற்றிப் போட்டும் பாருங்கள்: பேட்டரியில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றியதும் மினுக்கல் மறைந்தால் அதே முடிவு உறுதியாகிறது. பேட்டரியில் எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் மினுக்கல் இருக்கிறது, சார்ஜரில் எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் இல்லை என்றால், மின்சாரச் சேமிப்பு ஏற்பாடுதான் காரணம் என்று நம்பிக்கையாகச் சொல்லலாம்.

மூன்றாவது, பயாஸ் சோதனை. லேப்டாப்பை அணைத்துவிட்டுப் பேட்டரியிலேயே இயக்கி, உடனே பயாஸுக்குள் நுழையுங்கள். டெல், ஏசர், ஆசுஸ் மெஷின்களில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. விண்டோஸும் அதன் கிராஃபிக்ஸ் டிரைவரும் அங்கே இன்னும் விழித்திருக்காது. ஆகவே அவற்றின் சேமிப்பு ஏற்பாடுகளும் இருக்காது. பத்து நிமிடம் அந்தத் திரையை அப்படியே வைத்துப் பாருங்கள். அங்கே தெளிவாக நின்று, விண்டோஸுக்குள் வந்ததும் மினுக்கினால் உங்கள் பேனலுக்கும் கேபிளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயாஸிலும் மினுக்கினால் வன்பொருள் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. டெல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: சார்ஜர் செருகிய நிலையில் 'டி' விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால், திரை தன்னைத் தானே சோதித்து முழு நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டும்.

கடைசியாக, டாஸ்க் மேனேஜர் சோதனை. மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி இது. மினுக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரும் மற்றவற்றோடு சேர்ந்து மினுக்கினால் டிரைவர் பக்கம் போக வேண்டும். மற்றதெல்லாம் மினுக்கி, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலிதான் காரணம். அதைப் புதுப்பிக்கலாம் அல்லது நீக்கலாம். பிரவுசருக்குள் மட்டும் மினுக்கல் என்றால் அதன் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால்

வெள்ளைப் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கறுப்புப் பின்னணி உள்ள ஒரு ஜன்னலுக்கு மாறுகிறீர்கள். ஒன்றிரண்டு நொடிகளில் திரை மெல்ல மங்குகிறது, அல்லது தெளிகிறது. மறுபடி வெள்ளைக்கு வந்தால் மறுபடி மாறுகிறது. இருட்டுக் காட்சிகள் நிறைந்த படம் பார்க்கும்போது இது தாங்க முடியாத தொல்லை.

இந்த ஏற்பாடு படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பின்விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கிறது. குறைத்தது தெரியாமலிருக்கப் படத்தின் நிறங்களை அதே அளவுக்குத் தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் நடந்தால் நமக்குத் தெரியாது. கொஞ்சம் முன்பின்னாக நடந்தால் மினுக்கலாகத் தெரியும். இன்டெல் இதை டிஸ்பிளே பவர் சேவிங் என்ற பெயரில் வைத்திருக்கிறது. ஏஎம்டி வைத்த பெயர் வேரி-பிரைட்.

அணைக்கும் இடங்களில் முதலாவது விண்டோஸ் 11. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போங்கள். பிரைட்னஸ் வரியின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும்; பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை அழுத்தினால் 'சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்டு ஆன் கன்டென்ட்' என்ற வரி வரும். அதில் 'ஆன் பேட்டரி ஒன்லி' என்று தேர்வாகி இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. 'ஆஃப்' ஆக்குங்கள். இந்த வரியே தென்படவில்லை என்றால் உங்கள் மெஷினில் விண்டோஸ் வழியாக இதைக் கட்டுப்படுத்த வசதி இல்லை என்று பொருள். கிராஃபிக்ஸ் செயலிக்குப் போக வேண்டும்.

இன்டெல் சிப் உள்ள மெஷினில் இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரைத் திறந்து, சிஸ்டம், அதற்குள் பவர் என்று போங்கள். அங்கே 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்' என்று இரண்டு பகுதிகள் தனித்தனியாக இருக்கும். நிதானமாகப் பாருங்கள். சார்ஜரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து 'பிளக்டு இன்' பகுதியை மாற்றிவிட்டு, பேட்டரியில் ஏன் சரியாகவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். மாற்ற வேண்டியது 'ஆன் பேட்டரி' பகுதியில் உள்ள 'டிஸ்பிளே பவர் சேவிங்ஸ்'. புதிய மெஷின்களில் இந்தச் செயலியின் இடத்தில் இன்டெல் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் இருக்கும்; தோற்றம் வேறு, தேட வேண்டிய பெயர் இதுவே.

ஏஎம்டி என்றால் அட்ரினலின் செயலியைத் திறந்து, பல்சக்கரப் படத்தை அழுத்தி, டிஸ்பிளே பகுதிக்குப் போனால் வேரி-பிரைட் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

மினுக்கல் தொல்லை இல்லாவிட்டாலும் புகைப்படம், வீடியோ, அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை அணைத்தே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியில் நீங்கள் பார்க்கும் நிறம் படத்தின் உண்மையான நிறம் அல்ல. அதை நம்பித் திருத்தம் செய்தால் அச்சில் வேறாக வரும்.

வெளிச்சம் ஏறி இறங்க இன்னொரு காரணமும் உண்டு. சில லேப்டாப்களில் அறையின் வெளிச்சத்தை அளக்கும் சென்சார், பெரும்பாலும் கேமராவுக்குப் பக்கத்தில், இருக்கும். ஜன்னல் ஓரம் யாராவது நடந்தாலோ நிழல் விழுந்தாலோ திரை மங்கும். இது சார்ஜரிலும் நடக்கும் என்பதால் பிரித்தறிவது சுலபம். அதே பிரைட்னஸ் அம்புக்குறிக்குக் கீழே, வெளிச்சம் மாறும்போது தானாக மாற்றச் சொல்லும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

கர்சரை நகர்த்தினால் வெட்டினால்

இது வேறு வகை. திரையில் எதுவும் மாறாமல் இருக்கும்வரை அமைதி. ஓர் எழுத்தைத் தட்டினாலோ கர்சரை நகர்த்தினாலோ படம் ஒரு கணம் பளிச்சென்று வெட்டும், அல்லது குறுக்கே ஒரு கோடு ஓடும், அல்லது கர்சர் தயங்கி நகரும். தொடர்ந்து வீடியோ ஓடினால் மினுக்கல் காணாமல் போய்விடும். இப்படி நடந்தால் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற ஏற்பாட்டைச் சந்தேகியுங்கள். சுருக்கமாக பிஎஸ்ஆர் என்பார்கள்.

திரையில் ஒரு பக்கம் அசையாமல் நின்றாலும், கிராஃபிக்ஸ் சிப் அதே படத்தை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இது வீண் செலவு. எனவே திரைக்குள்ளேயே கொஞ்சம் நினைவகம் வைத்து, கடைசிப் படத்தை அதில் சேமித்துக்கொண்டு, திரை தன் படத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளட்டும், சிப்பும் இடையில் உள்ள இணைப்பும் தூங்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. வெசா என்ற தர அமைப்பு 2011-இல் இதை லேப்டாப் திரைகளுக்கான விதிகளில் சேர்த்தது. நல்ல யோசனைதான். நீங்கள் ஒரு விசையைத் தட்டும்போது மட்டும் சிக்கல் வருகிறது. தூங்கிய சிப் எழுந்து, இணைப்பை எழுப்பி, திரை எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் போய்ச் சேர வேண்டும். இந்த ஒத்திசைவு நொடியின் சின்னஞ்சிறு பங்கில் முடிய வேண்டும். திரையின் உள்மென்பொருளும் சிப்பின் டிரைவரும் கொஞ்சம் முரண்பட்டால் அந்த இடைவெளி மினுக்கலாக வெளியே தெரிகிறது. ஒரே மாடல் லேப்டாப்பில் வேறு வேறு நிறுவனங்களின் பேனல்கள் வருவதுண்டு. அதனால்தான் நண்பருடைய மெஷினில் இல்லாத தொல்லை உங்களுடையதில் இருக்கிறது.

இன்டெல் செயலியில் மேலே சொன்ன அதே பவர் பகுதியில், அதே 'ஆன் பேட்டரி' பக்கத்தில் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்' என்ற சுவிட்ச் இருக்கும். அணைத்துவிட்டு லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கு ரெஜிஸ்ட்ரியில் எண்களை மாற்றும் வழிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு டிரைவர் பதிப்புக்குப் பொருந்திய எண் அடுத்த பதிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. தவறினால் திரையே எழாமல் போகலாம்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வழி வேறு. இன்டெல் சிப் என்றால் கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ஐ915 டிரைவரின் 'எனேபிள் பிஎஸ்ஆர்' அளவுருவை 0 ஆக்க வேண்டும். மிகப் புதிய சிப்களில் டிரைவரின் பெயர் எக்ஸ்இ. அளவுருவின் பெயர் அதே. ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு டிரைவரின் 'டிசி டீபக் மாஸ்க்' அளவுருவுக்கு 0எக்ஸ்10 என்று கொடுக்க வேண்டும். எடுத்தவுடன் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் பிறகு கிரப் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். நிற்காவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய நிலை தானாகத் திரும்பிவிடும்.

ஒரே ஒருமுறை கறுத்துத் திரும்பினால்

சார்ஜரைக் கழற்றும்போதும் செருகும்போதும் திரை ஒரு நொடி கறுத்து மீள்கிறது, மற்ற நேரங்களில் ஒன்றுமில்லை என்றால் கவலையே வேண்டாம். 120 அல்லது 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரை பேட்டரிக்கு வந்ததும் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. கேமிங் லேப்டாப்களில் நிறுவனத்தின் செயலியே இதைச் செய்துவிடும்.

கழற்றிய பிறகும் இடையிடையே கறுத்தால் ரிஃப்ரெஷ் ரேட் மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11-இல் டிஸ்பிளே பகுதிக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய்ப் பாருங்கள். 'டைனமிக்' இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்து, 60 அல்லது 120 என்று ஒரே எண்ணை நிலையாக வையுங்கள்.

கண் வலித்தால், தலை கனத்தால்

வெளிச்சம் மாறுவதாகவும் தெரியவில்லை, படமும் வெட்டவில்லை. ஆனால் பேட்டரியில் வேலை செய்தால் கண் களைத்துப்போகிறது. இரண்டாவது சோதனையில், குறைந்த வெளிச்சத்தில் சார்ஜரிலும் இதே நிலை என்று கண்டிருந்தால், காரணம் வெளிச்சத்தைக் குறைக்கும் முறையிலேயே இருக்கிறது.

பல திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கை மங்கச் செய்வதில்லை. நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு வெளிச்சம் குறைவாகத் தெரிகிறது. பல ஓலெட் திரைகளில் இந்த வேகம் நொடிக்கு 240 முறை என்ற அளவில் இருக்கிறது. எல்லோருக்கும் இது உறைப்பதில்லை. உறைக்கிறவர்களுக்கு வேதனை உண்மையானது. வீட்டில் மற்றவர்கள் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொன்னால் அதற்காக உங்களைச் சந்தேகித்துக்கொள்ள வேண்டாம்.

சோதிக்க உங்கள் போன் போதும். கேமராவில் புரோ மோடுக்குப் போய், ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக வைத்து, வெள்ளைப் பக்கம் திறந்த திரையை நோக்கிப் பிடியுங்கள். குறைந்த வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் தெரிந்து, முழு வெளிச்சத்தில் அவை மறைந்தால் இதுதான் காரணம்.

இதற்குச் சுவிட்ச் கிடையாது; பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டைகள் மறையும் அளவு எது என்று பார்த்து, வெளிச்சத்தை அதற்குக் கீழே போகவிடாதீர்கள். கூச்சமாக இருந்தால் நைட் லைட், இருண்ட தீம் இவற்றால் ஈடுகட்டுங்கள். பேட்டரியில் விண்டோஸ் தானாக வெளிச்சத்தைக் குறைப்பதையும் நிறுத்த வேண்டும்: பவர் அண்டு பேட்டரி பகுதியில், எனர்ஜி சேவர் அல்லது பழைய பதிப்புகளில் பேட்டரி சேவர் என்ற தலைப்பின் கீழ், திரை வெளிச்சத்தைக் குறைக்கும் சுவிட்சை அணையுங்கள். ஆசுஸ் ஓலெட் மெஷின் வைத்திருப்பவர்கள் மைஆசுஸ் செயலியில் 'ஃபிளிக்கர்-ஃப்ரீ டிம்மிங்' இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மேக்புக்கில் இந்தத் தொல்லைகள் குறைவாகவே காதில் விழுகின்றன. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: பேட்டரி பகுதியின் ஆப்ஷன்ஸில் பேட்டரியில் திரையைச் சற்றே மங்கச் செய்யும் சுவிட்ச், பழைய இன்டெல் மேக்புக் புரோவில், இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருந்தால், தானாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் சுவிட்ச்.

சார்ஜர் செருகியிருந்தும் தாவினால்

செருகியிருக்கும்போதே வெளிச்சம் குதித்துக் குதித்து மாறினால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பேட்டரிப் படத்தைக் கவனியுங்கள். சார்ஜ் ஏறும் அடையாளம் வந்து வந்து மறைகிறதா? சார்ஜர் பின் லூஸாக இருக்கிறது, அல்லது வயர் உள்ளே அறுந்திருக்கிறது. லேப்டாப் ஒவ்வொரு முறையும் பேட்டரிக்குப் போய்த் திரும்புகிறது; அதோடு சேமிப்பு ஏற்பாடுகளும் ஏறி இறங்குகின்றன. வேறொரு சரியான சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். டைப்-சி சார்ஜர் என்றால் அதன் வாட் உங்கள் மெஷினுக்குப் போதுமா என்று பாருங்கள். திரையையும் டிரைவரையும் அலசிக் களைத்தபின் சார்ஜர்தான் காரணம் என்று தெரியவருவது அபூர்வமல்ல.

டிரைவர்

விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு தொடங்கிய மினுக்கல் என்றால் முதல் வேலை பழைய டிரைவருக்குத் திரும்புவது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் சிப்பின் பெயரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டிரைவர், 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பட்டன் மங்கியிருந்தால் திரும்பிப் போகப் பழைய பதிப்பு மெஷினில் இல்லை.

புது டிரைவர் தேடுகிறவர்கள் முதலில் லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போங்கள். உங்கள் மாடலின் பேனலுக்கேற்ற மாற்றங்கள் அங்கே உள்ள பதிப்பில்தான் இருக்கும். அங்கே இருப்பது மிகப் பழையதென்றால் மட்டும் இன்டெல், ஏஎம்டி தளங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால் அதையும் போடலாம். ஆனால் சார்ஜர் செருகி, பேட்டரியும் நன்றாக ஏறியிருக்கும்போதுதான் போட வேண்டும். இடையில் கரண்ட் போனாலும் மெஷின் அணையக்கூடாது. டிரைவர் புதுப்பித்த பிறகு நீங்கள் அணைத்து வைத்த சுவிட்சுகள் பழையபடி எழுந்துகொள்ளக்கூடும். சரியாகிப்போன மினுக்கல் திடீரென்று திரும்பி வந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே மூச்சில் அணைத்துவிடத் தோன்றும். வேண்டாம். ஒன்றை அணையுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், பேட்டரியில் கொஞ்ச நேரம் வழக்கமான வேலையைப் பாருங்கள், ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதைப் பழையபடி ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் அணைத்தால் மினுக்கல் நிற்கும். ஆனால் எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாது, மற்றவை தந்துகொண்டிருந்த பேட்டரி நேரமும் காரணமில்லாமல் போகும்.

ஒரே ஒரு சுவிட்சை அணைப்பதால் எவ்வளவு இழப்பு? 7 வாட் எடுக்கும் மெஷின் அரை வாட் கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 50 வாட்-மணி பேட்டரியில் குறைவது அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்த அரை மணி நேரத்தைச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போக வேண்டிய நேரம்

பயாஸிலும் மினுக்குகிறது, மூடியை அசைத்தால் மினுக்குகிறது, அல்லது எல்லாச் சுவிட்சையும் தனித்தனியாகப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் சர்வீஸுக்குப் போகத்தான் வேண்டும். மினுக்கலைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இது விழாது. சார்ஜரோடு ஒன்று, சார்ஜர் இல்லாமல் ஒன்று, பயாஸில் ஒன்று எடுத்தால் மிக நல்லது. கடையில் மெஷின் ஒழுங்காக நடந்துகொண்டாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும். பேனலைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிளின் விலை பேனலின் விலையில் சிறு பங்கு.

ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிப்பக்கம் புடைத்து மேசையில் ஆடினாலோ, ஓரங்களில் இடைவெளி விட்டிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த லேப்டாப்பைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். அணைத்து, துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, அன்றே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

வாரன்டி காலம் முடியாதவர்கள், மினுக்கல் எப்போதாவதுதான் வருகிறது என்று நாளைத் தள்ளிப்போட வேண்டாம். புகாரை எழுத்தில் பதிவுசெய்து, 'பேட்டரியில் மட்டும் மினுக்குகிறது' என்ற வார்த்தைகள் ஜாப் ஷீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.